அடுக்ககத் தோட்டத்துக்கு மரப்பட்டை மூடாக்கு: செயலாளர் ஒருவரின் கேள்வியும் பதிலும்

கேள்வி: சென்னை பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் ஐந்து பிளாக்குகளும் 180 வீடுகளும் உள்ளன. பொதுத் தோட்டத்தில் புல்வெளி நீங்கலாகச் செடிப்பாத்திகள் மட்டும் சுமார் 9,000 சதுர அடி இருக்கும். அதில் ஒரு பகுதி கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தின் கூரைமேல் அமைந்தது. கோடையில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிப்பதால், செடிகளுக்கும் டேங்கர் லாரித் தண்ணீரையே விட வேண்டியிருக்கிறது. தோட்ட ஒப்பந்தக்காரர், 50 லிட்டர் மூட்டைகளாக 300 மூட்டை பைன் மரப்பட்டை வாங்கி எல்லாப் பாத்திகளிலும் பரப்பி, தீபாவளிக்கு முன் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். பொதுக்குழுவில் ஒருமித்த கருத்து இல்லை. கரையான் வீட்டுக்குள் ஏறிவிடும் என்று தரைத்தளத்தில் இருப்பவர்கள் அஞ்சுகிறார்கள். பாம்பு அடையும், கொசு பெருகும் என்கிறார்கள் வேறு சிலர். குழந்தைகள் விளையாடும் இடத்திலும் இதையே போடலாமே என்ற யோசனையும் வந்திருக்கிறது. தினமும் கூட்டி அள்ளி வெளியே அனுப்பும் சருகையே போட்டால் போதாதா என்பது மூத்த உறுப்பினர் ஒருவரின் கேள்வி. நான் எதைப் பரிந்துரைப்பது?

— செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம், சென்னை

பதில்: மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு வணக்கம். என் பரிந்துரையை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் பாத்திகளுக்கு மூடாக்கு, அதாவது மண்ணின் மேல் பரப்பும் போர்வை, கட்டாயம் வேண்டும்; ஆனால் அது முழுவதும் விலைகொடுத்து வாங்கிய பைன் பட்டையாக இருக்க வேண்டிய தேவை இல்லை. நுழைவாயில், வரவேற்புக் கூடம் போன்ற பார்வையான இடங்களில் உள்ள பாத்திகளுக்கு மட்டும் பட்டையை வாங்கிக்கொண்டு, மற்ற இடங்களுக்கு உங்கள் வளாகத்திலேயே விழும் சருகையும், கவாத்து செய்த கிளைகளை அரைத்த துண்டுகளையும், தென்னை இருந்தால் அதன் மட்டையையும் பயன்படுத்துங்கள். வேலையைத் தீபாவளிக்கு முன் தொடங்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், மண்ணில் ஈரம் இருக்கும்போதே, மார்கழிக் கடைசியிலோ தைத் தொடக்கத்திலோ தொடங்குங்கள்.

மூடாக்கு ஏன் கட்டாயம் என்பதை உங்கள் தண்ணீரே சொல்கிறது. மே மாத நண்பகலில் சென்னையின் வெற்று மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வியப்பல்ல. அந்த வெப்பத்தில் மேல்மண்ணில் பரவியிருக்கும் மெல்லிய வேர்கள் கருகுவதோடு, காலையில் விட்ட தண்ணீரில் பெரும்பங்கு செடிக்குப் போகாமல் ஆவியாகிப் போகிறது. தண்ணீர் மட்டும் போவதில்லை என்பதைத்தான் நம் குடியிருப்புகளில் பலர் கவனிப்பதில்லை. உப்பு நீர் ஆவியாகும்போது உப்பு மண்ணிலேயே தங்கிவிடுகிறது. அடிமண்ணில் உள்ள உப்பும் ஈரத்தோடு மேலேறி வந்து மேற்பரப்பில் படிகிறது. கோடைக் கடைசியில் பாத்தி ஓரங்களில் வெள்ளையாகப் பூத்து நிற்பதும், இட்லிப்பூச் செடியின் இலை நுனி பழுப்பேறிக் காய்வதும் பெரும்பாலும் இதன் விளைவு. மூடாக்கு ஆவியாவதைக் குறைப்பதால் இந்த உப்பேற்றத்தையும் குறைக்கிறது. டேங்கர் லாரிக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் மூடாக்குக்கான செலவைப் பொதுக்குழுவில் நியாயப்படுத்துவது கடினமாக இராது.

அடுத்தது ஒப்பந்தக்காரரின் கணக்கு. 9,000 சதுர அடி என்பது ஏறத்தாழ 836 சதுர மீட்டர். 50 லிட்டர் மூட்டை ஒன்று, 5 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பினால் சரியாக ஒரு சதுர மீட்டரை மூடும். ஆகவே இரண்டு அங்குலக் கனத்துக்கே உங்களுக்கு ஏறக்குறைய 840 மூட்டைகள் வேண்டும். மூன்று அங்குலம் என்றால் 1,250 மூட்டைகளைத் தாண்டும். அவர் சொல்லும் 300 மூட்டைகளை அத்தனை பாத்திகளிலும் பரப்பினால் கனம் 2 சென்டிமீட்டர்கூட வராது. பரப்பிய அன்று கண்ணுக்கு அழகாக இருக்கும். ஒரு மாதத்தில் இடைவெளிகளில் மண் தெரியும், களை முளைக்கும், தண்ணீர்ச் செலவும் குறையாது. பிறகு பட்டையால் பயனில்லை என்ற பெயர் நிலைத்துவிடும். முழுப் பரப்புக்கும் அரைகுறையாகப் போடுவதைவிட, மூன்றில் ஒரு பங்குப் பரப்புக்கு ஒழுங்காகப் போடுவதே மேல். விலையையும் மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்காமல் கன மீட்டருக்கு இவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மூட்டையின் அளவு வியாபாரிக்கு வியாபாரி மாறும்.

பைன் பட்டையின் சிறப்பு, அது மெதுவாக மக்குவது. மரப்பட்டையில், மரத்துக்கு உறுதி தரும் லிக்னினும், மெழுகுத் தன்மையுள்ள சூபரினும் மிகுதியாக இருப்பதால் நுண்ணுயிர்கள் அதை எளிதில் சிதைக்க முடிவதில்லை. குளிர்நாடுகளில் பெரிய துண்டுகள் பல ஆண்டு தாங்கும். நம் வெயிலிலும் ஈரத்திலும் அவ்வளவு நாள் வராது, ஆண்டுக்கொரு முறை மேலே கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கும். நம் மாநிலத்தில் பைன் மரங்கள் கொடைக்கானல், ஊட்டி மலைகளில் வளர்க்கப்பட்டவை உண்டே தவிரச் சமவெளியில் இல்லை. எனவே உங்களுக்கு வரும் மூட்டை தொலைவிலிருந்து வருவது, விலையில் போக்குவரத்தும் அடங்கியது. பட்டை என்ற பெயரில் வேறு பொருள் வருவதும் உண்டு. மூட்டை ஒன்றைப் பிரித்துக் கொட்டிப் பாருங்கள். உண்மையான பட்டை ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் உட்பக்கம் நார்போலவும், தகடு தகடாக உரியும் தன்மையோடும் இருக்கும். நான்கு பக்கமும் ஒரே வெளிறிய மரநிறத்தோடு, ரம்பம் அறுத்த நேர்விளிம்புகளோடு இருந்தால் அது மரத்துண்டு. அதுவே தீங்கானது அல்ல. ஆனால் பழைய பேக்கிங் பலகைகளையும் ஒட்டுப்பலகை, எம்.டி.எஃப். (மரநாரைப் பிசினிட்டு அழுத்திய பலகை) துண்டுகளையும் அரைத்துச் சிவப்புச் சாயம் ஏற்றி விற்கும் சரக்கை நான் பரிந்துரைப்பதில்லை. ஒட்டுப்பலகையில் பிசின் இருக்கிறது. பேக்கிங் பலகைகள் ஏற்றுமதி விதிப்படி வெப்பத்தாலோ மெத்தில் புரோமைடு வாயுவாலோ பதப்படுத்தப்பட்டவையாக இருக்கலாம். அவற்றின் மேல் என்னென்ன கொட்டிச் சிந்தியதென்பது யாருக்கும் தெரியாது. மூட்டையைத் திறந்ததும் புளித்த காடி வாசனையோ மூக்கைத் துளைக்கும் நெடியோ வந்தால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள். காற்றில்லாமல் குவியலுக்குள் புழுங்கிய பட்டையில் அமிலம் சேர்ந்திருக்கும். இளஞ்செடிகளின் இலையை ஓரிரு நாளில் கருக்கிவிடும்.

பட்டை போட்டால் செடி மஞ்சளாகிவிடும் என்று சிலர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. மரப்பட்டையிலும் மரத்துண்டிலும் கரிமம் மிகுதி, தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. அவற்றை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். பட்டையை மண்ணோடு கொத்திக் கலந்தால்தான் இந்தப் போட்டி வேர்மண்டலம் வரை போகும். மேலே பரப்பியதோடு நிறுத்தினால் அது மண்ணும் பட்டையும் தொடும் மெல்லிய அடுக்கோடு நின்றுவிடும். ஆகையால் தோட்டக்காரரிடம், களை எடுக்கிறேன் என்று மண்வெட்டியால் மூடாக்கையும் மண்ணையும் சேர்த்துக் கிளறக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பரப்பும் முன் பாத்தியில் மக்கிய தொழுவுரத்தோடு கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கையும் தூவி நீர் பாய்ச்சுவது நல்லது. சீசன் பூச்செடிகளை அடிக்கடி மாற்றி நடும் பாத்திகளுக்குப் பட்டையே வேண்டாம். ஒவ்வொரு நடவிலும் அது மண்ணுக்குள் போய்விடும்.

தீபாவளிக்கு முன் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் மழை. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டுகிறது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னை மிதந்ததையும் உங்கள் உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காய்ந்த பைன் பட்டை தண்ணீரில் மிதக்கும். பாத்தியில் அரையடி நீர் நின்றாலே அது கிளம்பி நடைபாதைக்கு வரும், அங்கிருந்து வடிகாலுக்குப் போகும், வடிகால் சல்லடையில் அடைத்துக்கொண்டு நிற்கும். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். உங்கள் வளாகத்திலும் உறிஞ்சு குழிகளும் உறைகிணறுகளும் இருக்கும். அவற்றின் வாயில் பட்டை போய் அடைத்தால் சேமிக்க வேண்டிய நீர் கீழ்த்தளத்துக்குள் இறங்கும். கூரைமேல் தோட்டத்தில் இது இன்னும் முக்கியம். பட்டையின் எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டு அங்குலக் கனத்தில் நன்கு நனைந்த நிலையிலும் சதுர மீட்டருக்கு 25, 30 கிலோ அளவில்தான் இருக்கும், கீழே உள்ள மண்ணின் எடைக்கு முன் அது பொருட்டல்ல. அடைபட்ட வடிகாலால் தேங்கும் நீர்தான் கூரைக்குப் பாரம். எனவே ஒவ்வொரு வடிகால் வாயைச் சுற்றியும் இரண்டடி வட்டத்துக்குப் பட்டை போடாமல் ஜல்லி நிரப்புங்கள். நீர் தேங்கும் தாழ்வான பாத்திகளுக்கும் சரிவுகளுக்கும் பட்டையைவிடச் சவுக்குச் சருகு ஏற்றது. அந்த ஊசியிழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் எளிதில் அடித்துச் செல்லப்படுவதில்லை. பாத்தியின் மட்டம் நடைபாதையை விட ஓர் அங்குலமாவது தாழ்ந்திருக்கட்டும். பல குடியிருப்புகளில் மண்ணைக் கொட்டிக் கொட்டிப் பாத்தியை மேடாக்கி வைத்திருக்கிறார்கள், அதன் மேல் எதைப் போட்டாலும் வழியும்.

இனி கரையான். தரைத்தளத்தில் இருப்பவர்களின் அச்சத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். அதே சமயம் அது எங்கே உண்மை, எங்கே மிகை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கரையான் பட்டையைத் தேடி எங்கிருந்தோ வருவதில்லை. சென்னை மண்ணில் அது ஏற்கெனவே இருக்கிறது. வேப்பமரத்தின் அடித்தண்டில் மண்பூச்சு ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புற்றுக் கரையான் பெரும்பாலும் காய்ந்த புறப்பட்டையைத்தான் தின்கிறது, உயிருள்ள மரத்தை அல்ல. மூடாக்கு போட்டால் அதற்கு ஈரமும் நிழலும் தீனியும் ஒரே இடத்தில் கிடைக்கும், ஆகவே பாத்திக்குள் கரையான் வரத்தான் செய்யும். பாத்தியின் நடுவில் அது மக்கச் செய்யும் தொழிலாளி. சுவரை ஒட்டி மூடாக்கு இருந்தால்தான் ஆபத்து. அப்போது அது கண்ணுக்குத் தெரியாமல் அடித்தளத்துக்கு மேலே ஏறிக் கதவு நிலையையும் அலமாரிப் பலகையையும் அடையும். எனவே கட்டடச் சுவரிலிருந்து குறைந்தது ஓரடி அகலத்துக்கு எந்த மூடாக்கும் கூடாது. அந்த ஓரடி இடத்தில் ஜல்லியோ கூழாங்கல்லோ போட்டு வைத்து, அடித்தளச் சுவரில் அரையடி உயரமாவது எப்போதும் வெளியே தெரியும்படி விடுங்கள். சுவரில் பென்சில் கனத்தில் மண்குழாய் ஏறினால் அந்த வெற்றிடத்தில் உடனே கண்ணில் படும். மாதம் ஒரு முறை காவலாளியே டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். சொட்டுநீர்க் குழாயும் தெளிப்பானும் அந்த ஓரடிக்குள் நீர் விடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் மரத்தைவிட ஈரம்தான் கரையானுக்குப் பெரிய அழைப்பு.

இதிலேயே இன்னொரு செய்தியும் உண்டு. கட்டடங்களுக்கான கரையான் தடுப்பு முறைகளை ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர நிர்ணயம் வகுத்திருக்கிறது. கட்டும்போதே செய்வது ஒரு பகுதி, கட்டி முடித்த கட்டடத்துக்குச் செய்வது மற்றொரு பகுதி. இரண்டிலும் வெளிச்சுவரை ஒட்டிய மண்ணில் மருந்து செலுத்தப்படுகிறது. பிறகு யாரோ அந்த இடத்தைத் தோண்டிப் புது மண் போட்டால் அந்தத் தடுப்பு அறுந்துவிடும். உங்கள் கட்டடத்துக்கு எப்போது மருந்து அடித்தார்கள், அதன் உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்ற காகிதத்தைத் தேடி எடுங்கள். ஒப்பந்தக்காரர் பட்டையிலேயே கரையான் மருந்துத் தூளைக் கலந்து போட்டுவிடுகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குழந்தைகள் தொடும், நாய் முகரும் பொருளில் பூச்சிக்கொல்லியைக் கலப்பது எந்த முறையிலும் சேராது.

பாம்பு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் சாலையை ஒட்டிச் சதுப்பு நிலமும் காலி மனைகளும் மிகுதி என்பதால் கண்ணாடிவிரியனும் நல்லபாம்பும் அப்பகுதியில் இருப்பது இயல்பு. ஆனால் இரண்டு, மூன்று அங்குல மூடாக்கில் பாம்பு குடியிருக்க முடியாது. அதற்கு இடுக்கும் எலியும் வேண்டும். ஒரு மூலையில் மாதக்கணக்காகக் கிடக்கும் ஓலைக் குவியலும், காம்பவுண்டுச் சுவரோரம் அடுக்கிய உடைந்த டைல்ஸும், திறந்து கிடக்கும் குப்பைத் தொட்டியும்தான் பாம்புக்கு வீடு. பட்டை மூட்டைகளையே வாங்கி வந்து மழைக்காலம் முழுதும் படிக்கட்டின் கீழ் அடுக்கி வைத்திருப்பது இதைவிட மோசம். பூரானும் நத்தையும் மூடாக்கின் கீழ் தங்கும், அதை மறுக்க முடியாது. தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குக் கையுறையும் காலணியும் வாங்கிக் கொடுப்பது சங்கத்தின் கடமை. கொசுவைப் பொறுத்தவரை, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுவது. பட்டை நீரை உறிஞ்சுகிறது, தேக்குவதில்லை. தேங்காய் மட்டையை மல்லாத்திப் போட்டால்தான் அது கிண்ணமாகி நீர் தேங்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தென்னை வட்டப்பாத்திக்குத் தரும் பரிந்துரையிலேயே, 1.8 மீட்டர் ஆரத்துக்கு 100 மட்டைகளைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி பரப்பச் சொல்கிறார்கள். அந்த முறையையே கடைப்பிடியுங்கள்.

யாரும் உங்களிடம் கேட்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. வளாகத்தில் தென்னை இருந்தால் அதுதான் பாம்பைவிட முதன்மையானது. காண்டாமிருக வண்டு மக்கும் குப்பையில் முட்டையிடும். அதன் புழு, விரல் கனத்தில் வெள்ளையாக வளைந்து படுத்துக் கிடக்கும். வளர்ந்த வண்டு தென்னங்குருத்தைத் துளைப்பதால், விரியும் ஓலை விசிறியைக் கத்தரித்தாற்போல் முக்கோண வெட்டுகளோடு வரும். மெல்லிய மூடாக்கு அதற்கு ஏற்ற இடமில்லை. அடி கணக்கில் குவித்து வைத்த மட்டைக் கழிவும் உரக்குழியும்தான் அதன் பிறப்பிடம். குவியல் வைத்தே ஆக வேண்டுமென்றால் மாதம் ஒரு முறை கிளறிப் புழுக்களைப் பொறுக்கி எடுங்கள். அந்தப் புழுக்களைக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தைக் குழியில் தெளிப்பதும் வேளாண்மைத் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லும் வழி. பூஞ்சாணத்தால் வரும் தஞ்சாவூர் வாடல் நோய் கண்டு பட்ட தென்னையின் தண்டையோ வேரையோ அரைத்து மூடாக்காக்க வேண்டாம். அந்தப் பூஞ்சாணம் மரக்கழிவிலும் மண்ணிலும் தொடர்ந்து வாழக்கூடியது.

மழைக்காலத்தில் பட்டையின் மேல் ஒரு நாள் காலை மஞ்சள் நுரை கக்கினாற்போல் ஏதோ படர்ந்திருக்கும். அதன் படம் உடனே உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும். அது சளிப்பூஞ்சை எனப்படும் உயிர். செடிக்கும் மனிதருக்கும் கெடுதல் செய்வதில்லை, இரண்டொரு நாளில் காய்ந்து தூளாகிவிடும். பார்க்க அருவருப்பாக இருந்தால் மண்வெட்டியால் அள்ளி உரக்குழியில் போட்டுவிடலாம்.

தீயைப் பற்றியும் பொதுக்குழுவில் பேசுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், எரியக்கூடிய வெளிச்சுவர் கொண்ட கட்டடங்களை ஒட்டி 18 அங்குலத்துக்குள் புதிதாக மூடாக்கு பரப்பக் கூடாது என்று 2012 முதல் விதியே இருக்கிறது. ஆறு வீடுகளுக்கு மேல் உள்ள குடியிருப்புகளுக்கு அது பொருந்தும். அங்கே சுவர் மரத்தாலும் வினைலாலும் ஆனது, நம் சுவர் செங்கல்லும் கான்கிரீட்டும். எனினும் மே மாதத்தில் காய்ந்து கிடக்கும் பட்டையில் அணைக்காத சிகரெட் துண்டு விழுந்தால் கொழுந்து விடாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மின்மாற்றி, ஜெனரேட்டர், எரிவாயுக் குழாய்ப் பெட்டி, கார்கள் மூக்கை நீட்டி நிற்கும் இடம் ஆகியவற்றின் அருகே ஜல்லியே போதும். பட்டாசு வெடிக்க ஒதுக்கும் இடத்தைப் பாத்திகளிலிருந்து தள்ளி வையுங்கள். தீபாவளியன்று மழை இல்லாவிட்டால் மாலையில் பாத்திகளை நனைத்துவிடச் சொல்லுங்கள்.

விளையாட்டு இடத்துக்குப் பட்டை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஊஞ்சலிலிருந்தும் சறுக்கிலிருந்தும் விழும் குழந்தையைக் காக்க இரண்டு அங்குலம் எதற்கும் போதாது. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டுத் திடல் கையேடு, மரத்துண்டுகளைப் போடுவதானால் அமுங்கிய நிலையிலும் 9 அங்குலக் கனம் இருக்க வேண்டும் என்கிறது. அதையும் அடிக்கடி கிளறி மட்டம் சேர்க்க வேண்டும். நம் மழையில், அவ்வளவு கனமான பட்டைக்குழியைப் பராமரிக்க ஆள் கிடைப்பது அரிது. உள்ளே முள்ளும் கண்ணாடித் துண்டும் கிடந்தாலும் தெரியாது. நன்கு சலித்த மணலோ ரப்பர்த் தளமோ போடுவதை ஆராயுங்கள். அது தனி விஷயம், தனிச் செலவு.

இப்போது உங்கள் மூத்த உறுப்பினரின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொல்வது சரி. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தோட்டக் கழிவைத் தனியாகத் தம் வளாகத்திலேயே சேர்த்து வைக்கச் சொல்லியிருந்தன. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகங்கள் மக்கும் குப்பையை இயன்றவரை உள்ளேயே பதப்படுத்த வேண்டும் என்றும் கூறியிருந்தன. ஆனாலும் நம் அடுக்ககங்களில் காலை ஆறு மணிக்குத் தென்னந்துடைப்பத்தால் பாத்தியின் மண் தேயும்வரை கூட்டி, சருகை மூட்டை கட்டி வெளியே அனுப்பிவிட்டு, அதே வாரம் விலைக்கு உரமும் மூடாக்கும் வாங்குகிறோம். நடைபாதையைக் கூட்டட்டும், பாத்தியைக் கூட்ட வேண்டாம் என்று துப்புரவுப் பணியாளர்களிடமும் அவர்களுடைய மேற்பார்வையாளரிடமும் நீங்களே நேரில் சொல்ல வேண்டும். சருகு கிடந்தால் வேலை செய்யவில்லை என்று யாராவது ஒருவர் அவர்களைக் கண்டிப்பார் என்ற பயத்தில்தான் அவர்கள் கூட்டுகிறார்கள், ஆகவே குடியிருப்பவர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிடுங்கள்.

எல்லாச் சருகும் ஒன்றல்ல. புங்கைச் சருகு விரைவில் மக்கி மண்ணுக்கு உரமாகும். அடிக்கடி சேர்க்க வேண்டும். நாட்டுவாதுமையின் பெரிய இலைகளை அப்படியே போட்டால் தட்டுத் தட்டாக அடுக்கி மழைநீரை மண்ணுக்குள் விடாது. புல்வெட்டும் இயந்திரத்தைக் காய்ந்த சருகின் மேல் இரண்டு முறை ஓட்டிப் பொடித்துப் போடுங்கள். கவாத்துக் கிளைகளுக்கு அரவை இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, ஆண்டுக்கு ஓரிரு முறை அரைத்தால் போதும். பக்கத்துக் குடியிருப்பு இரண்டோடு சேர்ந்து எடுத்தால் செலவு குறையும். சீமைக் கருவேலக் கிளையை அதில் சேர்க்காதீர்கள். முள்ளும், காய் இருந்தால் விதையும் பாத்திக்குள் வந்துவிடும். தேங்காய் நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். மக்காத நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112-க்கு 1. சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் இட்டு மக்கவைத்தால் அது 24-க்கு 1 அளவுக்கு இறங்கும் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் காட்டியிருக்கிறது. மக்கியதை மட்டும் வாங்கி, மூடாக்கின் கீழே உரமாக இடுங்கள். உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த தூளானால் உப்பு இருக்கும். உப்போடு போராடும் உங்கள் தோட்டத்துக்கு அதைக் கழுவாமல் போடுவது ஆகாது.

பரப்பும் முறையில் ஒரே ஒரு தவறு மரத்தையே கொல்லும் என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். மரத்தின் தூரைச் சுற்றிப் பட்டையைக் கோபுரமாகக் குவிப்பது பல வளாகங்களில் அழகு என்று செய்யப்படுகிறது. தண்டும் வேரும் சேரும் இடம் எப்போதும் ஈரமாக இருந்தால் மரத்தின் சொந்தப் பட்டையே அழுகும், வேர்கள் மேலேறித் தண்டையே சுற்றிக்கொள்ளும். பத்து வருட மரம் காரணம் தெரியாமல் காயும். மரத்தைச் சுற்றி அரையடியும், செடியைச் சுற்றி இரண்டு அங்குலமும் வெறுமையாக விட்டு அதற்கு வெளியே பரப்புங்கள். முதலில் களையை வேரோடு எடுக்க வேண்டும். கோரையையும் அருகம்புல்லையும் எந்த மூடாக்கும் அடக்காது, அவை மூன்று அங்குலத்தையும் துளைத்துக்கொண்டு வரும். பிறகு மண்ணை நன்கு நனைத்து, சொட்டுநீர்க் குழாயைப் பதித்து, அதன் மேல் மூடாக்கைப் போட வேண்டும். ஹோஸைப் பிடித்து மேலோட்டமாகத் தெளிக்கும் பழக்கம் தொடர்ந்தால் பட்டை மட்டும் நனைந்து மண் காய்ந்தே கிடக்கும். பட்டையை விலக்கி, ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் நுழைத்துப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டும் நீர் விடத் தோட்டக்காரரைப் பழக்குங்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை இவை: பரப்பி இரண்டு முறை நீர் விட்டு அமுங்கிய பிறகு கனம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாதிருத்தல், சுவர், தூர், வடிகால் ஆகியவற்றிலிருந்து விட வேண்டிய இடைவெளி, சாயமேற்றிய சரக்கும் ஒட்டுப்பலகைத் துண்டும் ஏற்கப்படாது என்ற வரி, அடுத்த ஆண்டு சேர்க்கும்போது பழையதைக் கிளறி மொத்தக் கனம் மூன்று அங்குலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுதல். கனத்தை, குழு உறுப்பினர் விரும்பிய பத்து இடங்களில் அடிக்கோலைச் செருகிப் பார்த்து, அதன் பிறகே பணம் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதும் இல்லை. தை மாதத்தில் ஒரு பிளாக்கின் பாத்திகளுக்குப் பட்டையும், அடுத்த பிளாக்கின் பாத்திகளுக்கு அரைத்த சருகும் போட்டு, மூன்றாவதை இப்போது உள்ளபடியே விட்டு, ஒவ்வொன்றின் தண்ணீர்க் குழாயிலும் ஒரு மீட்டர் பொருத்துங்கள். சித்திரையில் கூடும் பொதுக்குழுவில் அந்த மூன்று மீட்டர்களின் கணக்கை வைத்தால், மீதிப் பாத்திகளுக்கு எவ்வளவு பட்டை வாங்குவது, அல்லது வாங்காமலே விடுவது என்பதை உறுப்பினர்களே முடிவு செய்துகொள்வார்கள்.